அரை கிலோமீட்டர் யானை, ஆயிரம் பாகன்கள்

முதலில் ஒரு வாக்குமூலம்: நான் ரயில் பைத்தியம். ரயில்வே கேட் மூடினால் ஊரே எரிச்சலில் ஹாரனை அமுக்கும். நான் பைக்கை அணைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். கூட்ஸ் வண்டி வந்தால் இன்னும் சந்தோஷம். பெட்டி அதிகம்!

இன்று நீங்களும் என்னோடு வருகிறீர்கள். சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, விடியும்போது மேட்டுப்பாளையத்தில் போய் நிற்கிற நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறப்போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் அதன் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்துவிடுவோம். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலையில் விழுவது மட்டும்தான் தெரியும். சமையல்கட்டுக்குள் தலையை நீட்டியவனுக்குத்தான் கல்யாணம் எப்படி நடக்கிறது என்பது புரியும். வாருங்கள், தலையை நீட்டுவோம்.

பட்டப்பகலில் ஒரு குளியல்

சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பேசின் பிரிட்ஜ் யார்டு. அங்கிருந்து கிளம்பும் நீண்டதூர ரயில்களைக் கழுவிக் குளிப்பாட்டி அனுப்புகிற இடம். இங்கே யாரும் 'ரயில்' என்று சொல்ல மாட்டார்கள். என்ஜின் கழன்றபின் வரிசையாக நிற்கும் பெட்டிகளுக்கு 'ரேக்' என்று பெயர். இருபத்திரண்டு பெட்டி என்றால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளம். யானையைக் குளிப்பாட்டப் பாகன் ஒருவர் போதும். இந்த யானைக்கு ஒரு படையே வேண்டும்.

தண்டவாளத்துக்கு நடுவே ஆள் இறங்கி நிற்கும் ஆழத்தில் பள்ளம். 'பிட் லைன்' என்பார்கள். ரேக் மேலே நிற்க, ஊழியர்கள் கீழே நடந்துகொண்டே சக்கரம், ஸ்பிரிங், பிரேக் கட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மேலே ஒரு கூட்டம் ஜன்னல் கண்ணாடி துடைக்கும். இன்னொரு கூட்டம் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றும். ஏ.சி. பெட்டிகளிலிருந்து நேற்று யாரோ தலைவைத்துப் படுத்த உறைகள் மூட்டை மூட்டையாக இறங்கும். இயந்திரச் சலவையில் வெளுத்த புது மூட்டைகள் ஏறும். எல்லாம் முடிந்ததும் பிரேக் சரியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் எழுதப்படும். அந்தத் தாள் இல்லாமல் வண்டி நகராது.

இங்கே ஒரு குட்டி ரகசியம். பெட்டியின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருக்கும் நீளமான எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி பிறந்த ஆண்டு. 14 என்று தொடங்கினால் 2014. இனி பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது சலிப்பே வராது. ஒவ்வொரு பெட்டிக்கும் வயது பார்க்கலாம்!

கழிவறைக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் ஓட்டை வழியாக எல்லாம் தண்டவாளத்திலேயே விழும். இப்போது பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி. அதற்குள் பிராணவாயு இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் குடும்பம் நடத்துகின்றன. கழிவைத் தின்று நீரும் வாயுவுமாக மாற்றிவிடுகின்றன. பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய முறை இது. டிக்கெட் எடுக்காமல் ஊர் ஊராகச் சுற்றும் ஒரே கூட்டம் இந்த பாக்டீரியாக்கள்தான்.

ஒரு காலத்தில் கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிவறையே கிடையாது. 1909-இல் வங்காளத்து ஓகில் சந்திர சென் என்பவர், அகமத்பூர் நிலையத்தில் பலாப்பழம் செய்த வேலையால் அவசரமாக இறங்கி ஒதுங்கியிருக்கிறார். பாதியிலேயே கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லார் கண்முன்னும் விழுந்து, மானம் போய், அந்தக் கோபத்தில் உடைந்த ஆங்கிலத்தில் ரயில்வேக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்டுக்கு அபராதம் போடாவிட்டால் பத்திரிகையில் எழுதிவிடுவேன் என்று மிரட்டல் வேறு. அந்தக் கடிதம்தான் சாதாரணப் பெட்டிகளுக்கும் கழிவறை கொண்டுவந்தது என்று சொல்வார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வடக்கே போனால் அந்தத் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

சார்ட் போடும் வேளை

யார்டில் குளியல் நடக்கும் அதே நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கூத்து. உங்கள் பெயர் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. நீங்கள் மணிக்கு நான்கு தடவை பி.என்.ஆர். பார்க்கிறீர்கள். எண் அசையவே இல்லை. பிறகு திடீரென்று ஒரே பாய்ச்சலில் 'கன்ஃபர்ம்'. மாயமா? இல்லை, சார்ட் போட்டுவிட்டார்கள்.

ஒரு ரயிலின் படுக்கைகள் எல்லாம் ஒரே பானையில் இல்லை. பொதுவுக்கு ஒரு பானை, தட்கலுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, நடுவழி ஊர்களுக்கு ஒன்று, அவசர ஒதுக்கீட்டுக்கு ஒன்று. சார்ட் போடும் நேரத்தில் எந்தப் பானையிலெல்லாம் மிச்சம் இருக்கிறதோ, அதெல்லாம் காத்திருப்பவர்களுக்குப் பரிமாறப்படும். சேலத்தில் இறங்குகிறவரின் படுக்கை, சேலத்திலிருந்து வேறொருவருக்குப் போகும். அப்படியும் மீந்தவர்களுக்கு ஆர்.ஏ.சி. சைடு லோயரில் இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, டி.டி.இ. முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. எத்தனை நட்புகள் அங்கே முளைத்திருக்கும்!

ஒரு காலத்தில் இதெல்லாம் தடித்த நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதப்பட்டது. ஒவ்வொரு ரயிலுக்கும் தனி கவுன்டர், தனி வரிசை. 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவு முளைவிட்டது. 2002 ஆகஸ்டில் இணையம் வந்தது. இன்று காலை 10 மணிக்கு ஏ.சி. தட்கல், 11 மணிக்கு மற்ற தட்கல் திறக்கும்போது நாடு முழுக்க விரல்கள் கீபோர்டுமேல் காத்திருக்கின்றன. வரிசை எங்கும் போய்விடவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

நம் டிக்கெட்டில் இன்னொரு புதிர், ரயில் எண்: 12671. முதல் 1, இது நீண்டதூர ரயில். அடுத்த 2, சூப்பர்ஃபாஸ்ட். அடுத்த 6, தெற்கு ரயில்வேயின் அடையாளம். கடைசி இரண்டும் இந்த வண்டியின் சொந்த எண். திரும்பி வரும் ரயில் 12672. 2010 டிசம்பருக்கு முன்னால் நான்கே இலக்கம்தான். ரயில்கள் பெருகின, எண்கள் தீர்ந்துபோயின, முன்னால் ஒன்றைச் சேர்த்தார்கள்.

சென்ட்ரல் கடிகாரத்தின் திமிர்

மாலை சாய்ந்தபின், குளித்து முடித்த ரேக்கை ஒரு என்ஜின் மெல்ல பிளாட்பாரத்துக்குள் தள்ளிக்கொண்டுவரும். அதற்குள் வெளியே வந்து ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். 1873-இல் திறந்த கட்டடம். நடுக்கோபுரத்தில் கடிகாரம். இந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால் மன்னித்துவிடலாம், காரணம் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். எந்த நேரத்தை நம்பி ரயில் அட்டவணை போடுவது? இரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ நடுவில் இருந்த சென்னையின் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மதராஸ் நேரம் தந்திக் கம்பி வழியே நாடெங்கும் போனது. லாகூரில் ரயில் பிடிக்க ஓடியவனும் நுங்கம்பாக்கத்து நேரத்துக்குத்தான் ஓடினான்! 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்தது. மதராஸ் நேரம் அதற்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்னால். 'ஒரு பத்து நிமிஷம் லேட்டா வர்றேன்' என்று நம்மூர்க்காரர் சொன்னால் இனி கோபிக்காதீர்கள். அவர் பழைய நேரத்தைப் பின்பற்றுகிறார்.

என்ஜினுக்குள் இரண்டு பேர்

ஓட்டுநருக்கு இப்போது பெயர் லோகோ பைலட். கார்டு 2022 முதல் ரயில் மேலாளர். பிளாட்பாரத்தில் மட்டும் அவர் இன்னும் கார்டுதான். வேலைக்கு வரும்போது 'லாபி' என்ற அறையில் கையெழுத்துப் போட்டு, குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். துளி மது வாசம் அடித்தாலும் வீட்டுக்குத்தான்.

மேலே கம்பியில் 25,000 வோல்ட். என்ஜின் முதுகில் மடங்கியிருக்கும் கை எழுந்து அதைத் தொட்டதும், 6,000 குதிரைத் திறனுக்கு மேல் உயிர் வருகிறது. உள்ளே லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் ஒருவர் கையை நீட்டி நிறத்தை உரக்கச் சொல்வார், மற்றவர் அதையே திருப்பிச் சொல்வார். பச்சை என்றால் போ. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்தது மஞ்சளாக இருக்கலாம், சுதாரி. ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு, நிற்கத் தயாராகு. நீங்கள் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது முன்னால் இரண்டு பேர் ராத்திரி முழுக்க நிறங்களைப் பாராயணம் செய்துகொண்டிருக்கிறார்கள்!

கண் அசந்தால்? அதற்கும் ஒரு காவல்காரன். ஏறத்தாழ ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும். அப்போதும் அசையாவிட்டால் மணி அலறும். அதற்கும் பதில் இல்லையென்றால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும்.

அபாயச் சங்கிலியை இழுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? டிரைவர் காதில் மணி அடிக்கும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். விஷயம் அதைவிட அழகு. என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரு குழாய், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று. அந்தக் காற்றுதான் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. சங்கிலியை இழுத்தால் குழாயில் காற்று கசியும், அழுத்தம் குறையும், பிரேக் பிடிக்கும். நடுவில் பெட்டிகள் அறுந்துகொண்டாலும் இதே கதைதான். நிற்பதுதான் ரயிலின் இயல்பு. ஓடுவதற்குத்தான் ஒவ்வொரு நொடியும் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வரி. நூறு வருடங்களுக்கு முன்னால் பலாப்பழம் தின்றவர் போராடி வாங்கித்தந்த கழிவறை, இந்த இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் இல்லை.

பெரம்பூர் தாண்டி, 1856-க்குள்

வண்டி கிளம்பிவிட்டது. பெரம்பூரைத் தாண்டினால் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்துவைத்த தொழிற்சாலை. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் நுட்பத்தில் பெட்டி செய்யத் தொடங்கியது. நம் தாத்தா பாட்டியிலிருந்து நாம்வரை ஏறி இறங்கிய நீலப்பெட்டிகள் பெரும்பாலும் இங்கே பிறந்தவைதான். அந்த வடிவத்தை 2018-இல் நிறுத்திவிட்டு, அதே ஆண்டு 'ட்ரெயின் 18' என்ற ஒன்றைச் செய்து வெளியே விட்டார்கள். அதற்குத்தான் பிறகு வந்தே பாரத் என்று பெயர் சூட்டினார்கள். 2019 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து வாரணாசிக்குப் போன முதல் வந்தே பாரத், நம்ம பெரம்பூர்ப் பிள்ளை!

அரக்கோணத்தைத் தாண்டி வாலாஜா ரோடு வரும்போது நீங்கள் பெரும்பாலும் தூங்கியிருப்பீர்கள். நான் எழுப்புவேன். 1856 ஜூலை 1-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்த ஊர் இது. நூறு கிலோமீட்டர் தூரம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1853 ஏப்ரல் 16-இல், பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியிருந்தது: 14 பெட்டி, 400 விருந்தாளிகள், 21 குண்டு மரியாதை. அதற்கும் முன்னாலேயே, 1837-இல், செங்குன்றம் பக்கம் சாலை போடக் கல் சுமந்துகொண்டு ஒரு ரயில் நகர்ந்திருக்கிறது. முதல் பயணி கல்தான். அது புகார் எழுதவில்லை.

இந்தப் பாதைகளைப் போட்டவர்கள் நமக்காகப் போடவில்லை. படைகளை வேகமாக நகர்த்த வேண்டும், பருத்தியைத் துறைமுகம் சேர்க்க வேண்டும். முதலீடு செய்த ஆங்கிலேயக் கம்பெனிகளுக்கு 5 சதவீத லாபத்துக்கு உத்தரவாதம். குறைந்தால் மிச்சம் நம் வரிப்பணத்திலிருந்து. சாதி பார்க்கிற, காசில்லாத ஜனங்கள் ரயிலேறுவார்களா என்று பலருக்குச் சந்தேகம். ஜனங்களோ மூட்டை முடிச்சோடு, கட்டுச்சோற்றோடு, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பிழைப்புக்கும் ஏறிக்கொண்டார்கள். கல் பெஞ்சு போன்ற மூன்றாம் வகுப்பை நிரப்பியே ரயிலை நமதாக்கிக்கொண்டோம். முதலாளி போட்ட திண்ணையில் தெருவே வந்து உட்கார்ந்த கதை! அந்த மூன்றாம் வகுப்பு 1974-இல் ஒழிந்தது.

காகிதத்திலும் அது நமதாக இன்னும் நாளானது. 1924-இல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் பிரிந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக அரசு கைக்கு வந்தன. விடுதலையின்போதும் 42 தனித்தனி அமைப்புகள். தென்னிந்திய ரயில்வே, மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றையும் சேர்த்து 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வேயை உருவாக்கினார்கள். நாட்டின் முதல் ரயில்வே மண்டலம் அது. தனி பட்ஜெட் 2017-இல் பொது பட்ஜெட்டோடு கலந்துவிட்டது.

நள்ளிரவில் ஒரு சதுரங்கம்

ஜோலார்பேட்டை. சென்னைக் கோட்டம் நம் வண்டியைச் சேலம் கோட்டத்தின் கையில் கொடுக்கும் பக்கம். இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். அவரை நீங்கள் பார்க்கவே முடியாது. செக்‌ஷன் கன்ட்ரோலர். எங்கோ ஓர் அறையில், திரைக்கு முன்னால், காதில் போனோடு இருப்பார். அவருக்கு ரயில் என்பது வரைபடத்தில் ஒரு சாய்ந்த கோடு. ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் தூரம். கோடு செங்குத்தானால் வண்டி பறக்கிறது, படுத்துவிட்டால் எங்கேயோ நிற்கிறது. எந்தக் கூட்ஸை எந்த லூப் லைனில் ஒதுக்கி எந்த எக்ஸ்பிரஸை முன்னால் விடுவது என்பது அவர் ஆடும் சதுரங்கம்.

ராத்திரி இரண்டு மணிக்கு 'ஏன் இந்தப் பொட்டல்காட்டில் நிறுத்திட்டான்?' என்று முனகுகிறோமே, அப்போது எங்கோ அவர் ஒரு காயை நகர்த்தியிருக்கிறார்.

கூட்ஸைக் கேவலமாக நினைக்காதீர்கள். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, இதே ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கம் போனது ஒரு கூட்ஸ்தான். நம் டிக்கெட்டுக்கே நிலக்கரியும் சிமென்டும்தான் கைகொடுக்கின்றன. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். மிச்சத்தைப் பெரும்பாலும் தாங்குவது சரக்கு வருமானம். இப்படித்தான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் ஏறி இறங்குகிறார்கள். அடுத்த முறை கேட்டில் கூட்ஸ் போனால் ஹாரன் அடிக்காதீர்கள். போவது உங்கள் டிக்கெட்டின் பாதி!

சின்ன நிலையங்களை வண்டி நிற்காமல் கடக்கும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். இருட்டில் ஒரு மனிதர் பச்சை விளக்கை அசைத்தபடி நிற்பார். சக்கரத்தில் நெருப்பு, தொங்கும் பாகம் ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கிறார். கடைசிப் பெட்டியின் பின்னால் மஞ்சள் 'எக்ஸ்' குறியும் சிவப்பு விளக்கும் தெரிந்தால்தான் முழு ரயிலும் வந்துவிட்டது என்று அர்த்தம். தெரியாவிட்டால் வழியில் பெட்டி விட்டுப்போயிருக்கலாம்! அவருக்கு கார்டு பதிலுக்கு விளக்கு காட்டுவார். இரண்டு பேருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

பொழுது விடிந்ததும் கீமேன் நடக்கத் தொடங்குவார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும். தன் எல்லைக்குள் இருக்கும் தண்டவாளம் முழுவதையும் தினமும் கால்நடையாகப் பார்த்து, தளர்ந்ததை முடுக்கி, கழன்றதை அடித்து இறுக்குவார். வந்தே பாரத் ஓடினாலும் கூட்ஸ் ஓடினாலும் அவர் நடந்தே ஆக வேண்டும்.

பின்னாலிருந்து தள்ளும் என்ஜின்

மேட்டுப்பாளையம். குளிர் லேசாகக் கன்னத்தைத் தொடுகிறது. எதிரே, பொம்மைக் கடையிலிருந்து எடுத்துவைத்த மாதிரி, ஊட்டி ரயில். 1899-இல் குன்னூர்வரையும் 1908-இல் ஊட்டிவரையும் போன பாதை. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 2005 முதல் யுனெஸ்கோ மரபுச் சின்னம். செங்குத்தான இடத்தில் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். அதனால் நடுவில் ஒரு பல்சட்டம், என்ஜினில் பல்சக்கரம். ஏணியில் ஏறுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும்.

முன்னால் போய் என்ஜினோடு படம் எடுக்கலாம் என்று ஓடுவீர்கள். அங்கே என்ஜின் இருக்காது. மேலே ஏறும்போது நீராவி என்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும். முன்பெட்டியில் உட்கார்ந்தவருக்கு மலை மட்டும் தெரியும், தள்ளுகிறவர் தெரிய மாட்டார். ராத்திரி முழுக்க நாம் வந்ததும் அப்படித்தானே!

மதியம் ஊட்டியில் டீயில் வர்க்கியைத் தோய்த்து வாயில் போடும்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் கீழே யாரோ ஒருவர், நீங்கள் ராத்திரி தலைவைத்த தலையணையின் உறையை உருவிக்கொண்டிருப்பார். இரவு 12672 கிளம்ப வேண்டுமே.